சென்ட்ஓஎஸ் எப்போது கைமாறியது?

2018 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை வைத்துத் தொழில் நடத்தும் ரெட் ஹேட் நிறுவனத்தைப் பங்கு ஒன்றுக்கு 190 டாலர் வீதம், மொத்தம் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. மென்பொருள் துறை அதுவரை கண்ட மிகப்பெரிய விற்பனைகளுள் அதுவும் ஒன்று. சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தொகையைவிட வேறொன்றுதான் கவலை தந்தது. ரெட் ஹேட்டின் நிழலில் இலவசமாகக் கிடைத்துவந்த, அதன் கட்டண லினக்ஸின் நகலான சென்ட்ஓஎஸ் இனி என்னவாகும்? இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும் கழித்து, 2020 டிசம்பர் 8 அன்று, சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கான ஆதரவு முன்கூட்டியே முடியும் என்ற அறிவிப்பு வந்தபோது, அந்தக் கவலை அப்படியே பலித்தது போலத் தோன்றிற்று. அன்று முதல், ஐபிஎம் வாங்கியது, சென்ட்ஓஎஸ் செத்தது என்று ஒரே வரியில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அந்த ஒரு வரியில் எனக்கு உடன்பாடில்லை. சென்ட்ஓஎஸ் கைமாறியது 2014 சனவரியில். அன்று யாரும் அஞ்சவில்லை. பெரும்பாலோர் வாழ்த்துச் சொன்னார்கள். 3,400 கோடி டாலர் விற்பனை நடந்தபோது இழப்பதற்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை என்பதே என் எண்ணம். அதை விளக்க, கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ரெட் ஹேட் 1993இல் தொடங்கப்பட்டது. தொண்ணூறுகளில் அது லினக்ஸைக் குறுந்தகடுகளில் பதித்து, பெட்டியிலிட்டுக் கடைகளில் விற்றது; 1999 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கும் வந்தது. ஆனால் யாரும் படியெடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளைப் பெட்டியில் போட்டு விற்பதில் நிலையான வருமானம் வராது. 2003இல் ரெட் ஹேட் லினக்ஸ் 9 பதிப்போடு அந்த வரிசையை நிறுவனம் முடித்துக்கொண்டு, வேகமாக மாறும் ஃபெடோரா என்ற சமூக வெளியீட்டை ஒருபுறமும், மெதுவாக மாறும், சந்தா செலுத்துவோருக்கான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸை மறுபுறமும் நிறுத்தியது. இந்த இரண்டாவதைத் துறையில் இருப்பவர்கள் ரெல் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதுவரை செலவின்றி ரெட் ஹேட்டை ஓட்டிக்கொண்டிருந்த பல்கலைக்கழகங்களும் சிறு அலுவலகங்களும் இணையத்தள இடத்தை வாடகைக்கு விடுபவர்களும் திடீரென்று நடுவழியில் நின்றார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த அதிர்ச்சியின் முதல் ஒத்திகை அது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த இடைவெளியில் பிறந்தவைதான் மறுகட்டமைப்புகள். ரெல்லில் இருக்கும் மென்பொருள் தொகுப்புகளில் பெரும்பாலானவை, யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் ஜிபிஎல் போன்ற கட்டற்ற உரிமங்களின் கீழ் வருபவை. கணினி இயக்கும் இருமக் கோப்பைப் பெறுபவருக்கு, அது உருவான மூலநிரலும் கிடைக்க வேண்டும் என்று ஜிபிஎல் சொல்கிறது. வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தாலே அந்தக் கடமை தீர்ந்திருக்கும். ஆனால் ரெட் ஹேட் தன் மூலத் தொகுப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி ஒரு பொதுச் சர்வரில் வைத்தது. ஒயிட் பாக்ஸ், டாவ் லினக்ஸ், அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் சேர்ந்து வளர்த்த சயின்டிஃபிக் லினக்ஸ் ஆகியவை அந்த மூலங்களை எடுத்து, ரெட் ஹேட்டின் பெயரையும் சின்னங்களையும் நீக்கி, மறுபடி தொகுத்து வெளியிட்டன. 2004இல் கிரெகரி கர்ட்சரின் சிஏஓஎஸ் என்ற லினக்ஸ் திட்டத்திற்குள்ளிருந்து கிளைத்த சென்ட்ஓஎஸ் அவற்றுள் ஒன்று. மற்றவை மெல்ல ஒதுங்க, இது மட்டும் ஆலமரமாக விரிந்தது. 2010இன் நடுவில் இணையத்தளங்களைத் தாங்கும் லினக்ஸ் சர்வர்களில், தன்னார்வலர்கள் நடத்தும் மற்றொரு லினக்ஸான டெபியனையும் முந்தி முதலிடம் பிடித்தது. அப்போது அதன் பங்கு 30 விழுக்காட்டை நெருங்கியிருந்தது.

ஏன் இத்தனை பேர் அதைத் தேர்ந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, சர்வர் பராமரிப்பவரின் மனநிலையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். எங்களுக்குப் புதுமை வேண்டியதில்லை. ஒரு கணக்குப் பதிவு மென்பொருளோ, ஒரு தரவுத்தளமோ, ஒரு மின்னஞ்சல் சர்வரோ ஒருமுறை ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர வேறு எதுவும் அதைத் தொடாமல் இருப்பதே நாங்கள் வேண்டுவது. சென்ட்ஓஎஸ் முதலில் ஏழு ஆண்டுகளும், பிறகு பத்து ஆண்டுகளும் அந்த அமைதியைத் தருவதாகச் சொன்னது. ரெட் ஹேட் தன் வாடிக்கையாளருக்கு அளித்த காலவரையறையை அது அப்படியே தனதாக்கிக்கொண்டது. டாலரில் சந்தா கட்ட இயலாத சிறு வணிகங்களுக்குப் பத்தாண்டு என்பது வெறும் வசதியாக இருக்கவில்லை. ஒரு கணினியை வாங்கி, அது தேய்ந்து ஓயும்வரை அதே அமைப்பில் வைத்திருக்கலாம் என்ற திட்டமாக இருந்தது. மென்பொருளில் இருந்த எந்தச் சிறப்பையும்விட அந்தத் தேதியை நம்பித்தான் பெரும்பாலோர் சென்ட்ஓஎஸ் நிறுவினார்கள் என்று நான் துணிந்து சொல்வேன்.

பெயர் விஷயத்தில் ரெட் ஹேட் தொடக்கம் முதலே கறாராக இருந்தது. 2005இல் அதன் வழக்கறிஞர்கள் எழுதிய கடிதத்திற்குப் பிறகு, தாங்கள் எதை மறுகட்டமைக்கிறோம் என்பதைக்கூடச் சென்ட்ஓஎஸ் தளத்தில் நேரடியாகச் சொல்ல முடியாமல் போயிற்று. அதனால் பல ஆண்டுகள், வட அமெரிக்காவின் பிரபலமான எண்டர்பிரைஸ் லினக்ஸ் விற்பனையாளர் ஒருவர் என்றே அவர்கள் எழுதிவந்தார்கள். கணவன் பெயரைச் சொல்லாத பழைய காலத்துப் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரியைப் படித்தபோதெல்லாம் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு சட்ட உண்மை இருந்தது. நிரலைப் படியெடுக்கலாம், வணிகக்குறியைப் படியெடுக்க முடியாது. கட்டற்ற உரிமம் காக்கும் எல்லை நிரலோடு முடிந்துவிடுகிறது.

அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை 2009 கோடையில் சென்ட்ஓஎஸ்காரர்கள் தாங்களே கண்டார்கள். திட்டத்தின் இணைய முகவரியும் நன்கொடைக் கணக்கும் தொடக்க காலத்து உறுப்பினரான லான்ஸ் டேவிஸ் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தன. அவரோ தொடர்பில்லாமல் போயிருந்தார். மற்ற உறுப்பினர்கள் சூலை இறுதியில் அவருக்கு ஒரு திறந்த மடலைப் பொதுவெளியில் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. சில நாட்களில் சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் பல இலட்சம் சர்வர்கள் புதுப்பிப்புகளுக்காகக் கதவைத் தட்டும் முகவரி ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தது என்ற செய்தி பலரின் தூக்கத்தைக் கெடுத்தது.

அடுத்த அடி உழைப்பின் பக்கமிருந்து விழுந்தது. ரெல் 6 பதிப்பு 2010 நவம்பரில் வந்தது. அதன் சென்ட்ஓஎஸ் வடிவம் வந்து சேர 2011 சூலை ஆகிவிட்டது. எட்டு மாதம். இடையில் 5.6 பதிப்பும் தாமதமானதால், பழைய பதிப்பில் இருந்தவர்களுக்கும் சில வாரங்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் உரிய நேரத்தில் வரவில்லை. ஊதியமின்றி இரவு நேரங்களில் வேலை செய்த சிலரைப் பார்த்து, சல்லிக்காசு கொடுக்காத பெரு நிறுவனங்களின் பணியாளர்கள் இன்னும் முடியவில்லையா என்று மடற்குழுக்களில் அதட்டிய காலம் அது. அந்த உரையாடல்கள் பிற்காலத்து நிகழ்வுகளுக்கான பாதையைச் செப்பனிட்டன என்றே நினைக்கிறேன். இலவசமாக வாங்கிக்கொண்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தன்னார்வலர்களுக்குத் தோள் கொடுத்திருந்தால் 2014 தேவைப்படாமல் போயிருக்கும்?

2014 சனவரி 7 அன்று ரெட் ஹேட்டும் சென்ட்ஓஎஸ்ஸும் இணைவதாக அறிவிப்பு வந்தது. கரன்பீர் சிங், ஜானி ஹியூஸ், ஜிம் பெரின், ஃபேபியன் அரோட்டின் ஆகிய முக்கிய உறுப்பினர்கள் ரெட் ஹேட்டின் சம்பளப் பணியாளர்களானார்கள். சென்ட்ஓஎஸ் வணிகக்குறி ரெட் ஹேட்டின் சொத்தானது. திட்டத்தை நடத்த ஓர் ஆட்சிக்குழு அமைந்தது. அதில் ரெட் ஹேட் ஊழியர்களே பெரும்பான்மை. நிறுவனத்தின் தொடர்பாளர் என்ற பெயரில் ஒருவர் அதில் இருப்பார் என்றும், நிறுவனத்தின் நலனை நேரடியாகத் தொடும் விஷயங்களில் குழு உடன்பாடு காணாதபோது அவரே முடிவெடுக்கலாம் என்றும் விதிகளில் எழுதப்பட்டிருந்தது. இவை எதுவும் மறைவில் நடக்கவில்லை. யாரும் படிக்கும்படி தளத்திலேயே இருந்தன. படித்தவர்களும் கட்டமைப்புச் சர்வர்களுக்குப் பணம் வந்துவிட்டது, தாமதம் இனி இருக்காது என்றுதான் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தது தவறில்லை. 7ஆம் பதிப்பு ரெல்லுக்குப் பின் ஒரு மாதத்திற்குள் வெளிவந்துவிட்டது.

அதே ஆண்டு நிகழ்ந்த மற்றொரு மாற்றம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. 7ஆம் பதிப்பிலிருந்து ரெல்லின் பொது மூலங்கள் ரெட் ஹேட்டின் பழைய சர்வரில் வைக்கப்படாமல், சென்ட்ஓஎஸ் திட்டத்தின் கிட் என்ற நிரல் களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. மறுகட்டமைப்பாளர் எல்லோரும், தரவுத்தள நிறுவனமான ஆரக்கிளும் சயின்டிஃபிக் லினக்ஸும் உட்பட, அந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். ஆக, பெயர், இணைய முகவரி, தொகுப்புகளில் கையொப்பமிடும் மறைச்சாவி, கட்டமைப்பு இயந்திரங்கள், எந்தத் தேதிவரை ஆதரவு என்று சொல்லும் அதிகாரம், மூலநிரல் வெளியே வரும் குழாய் ஆகிய அனைத்தும் ஒரே ஆண்டில் ஒரே வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. நிரல் மட்டும் முன்போலவே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றின் தண்ணீர் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் ராட்டினமும் கயிறும் வாளியும் ஒரு வீட்டின் திண்ணையில் இருக்கின்றன என்ற நிலை.

ஒரு நிறுவனத்தை மற்றொன்று விழுங்கும்போது நிரலே காணாமல் போவதும் உண்டு. அதற்குச் சோலாரிஸ் சான்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தை ஓப்பன்சோலாரிஸ் என்று திறந்துவிட்டது. 2009 ஏப்ரலில் சன் நிறுவனத்தை 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. 2010 சனவரியில் விற்பனை முடிந்தது. அந்த ஆகஸ்டில் ஓர் உள்ளகச் சுற்றறிக்கை வெளியே கசிந்தது: அன்றாட வளர்ச்சி இனிப் பொதுவில் நடக்காது. ஓப்பன்சோலாரிஸ் ஆட்சிக்குழு, தன்னோடு பேசுவதற்கு ஆரக்கிள் யாரையும் அனுப்பாததால், அந்த மாதமே தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. 2011 நவம்பரில் சோலாரிஸ் 11 மூடிய நிரலாகவே வந்தது. இது எப்படிச் சாத்தியமானது என்றால், பங்களிப்பவர்கள் பதிப்புரிமையைச் சன் நிறுவனத்தோடு பகிரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆகவே மொத்த நிரலையும் வேறு உரிமத்தில் வெளியிடவோ வெளியிடாமலே விடவோ ஆரக்கிளுக்கு வழி இருந்தது. அதுவரை திறந்திருந்த நிரலை மட்டும் யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. அதிலிருந்து இல்லுமோஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் கிளைத்தது. சோலாரிஸில் பிறந்த இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இன்று ஃப்ரீபிஎஸ்டி, உபுண்டு போன்ற வேறு இயங்குதளங்களில் வாழ்கிறது.

லினக்ஸில் அப்படி நடக்க முடியாது. லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் பதிப்புரிமை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரிடமும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. யாராலும் அதை விலைக்கு வாங்கி மூடிவிட முடியாது. ஐபிஎம் வாங்குகிறது என்றதும் பலர் நிம்மதியாக இருந்ததற்கு இந்த உறுதியே காரணம். உரிமம் காக்கும் என்றார்கள். உரிமம் தான் காக்க வேண்டியதைக் காத்தது என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் அன்றாடம் நம்பியிருந்தது உரிமத்தை மட்டும் அன்று. பத்தாண்டு என்ற அந்தத் தேதியையும்தான்.

2019 சூலை 9 அன்று ஐபிஎம்மின் கொள்முதல் நிறைவுற்றது. ரெட் ஹேட் தனித்தே இயங்கும், அதன் பண்பாடு மாறாது என்று இரு தரப்பும் சொன்னார்கள். பின்னர் நடந்த முடிவுகளுக்கு ஐபிஎம் காரணமில்லை, அவை எங்களுடையவை என்று ரெட் ஹேட் பணியாளர்கள் பலரும் வலியுறுத்தியிருக்கிறார்கள். அதை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை. ரெட் ஹேட்டுக்கு மறுகட்டமைப்பாளர்கள் மீதிருந்த எரிச்சல் ஐபிஎம்முக்கு வெகு முன்னரே தொடங்கியது. ஆரக்கிள் 2006இல் ரெல்லின் மூலங்களைக் கொண்டே தன் சொந்த லினக்ஸை வெளியிட்டு, குறைந்த விலையில் ஆதரவும் விற்கத் தொடங்கியது. 2011இல் ரெட் ஹேட் தன் கெர்னல் மூலத்தைத் திருத்தத்திற்கு ஒன்றாகத் தனித்தனி ஒட்டுகளாக வெளியிடுவதை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கலந்து கொடுத்தது. போட்டியாளர் ஒவ்வொரு திருத்தத்தையும் பிரித்துப் படிப்பது கடினமாக வேண்டும் என்பதே நோக்கம். உரிமத்தின் எழுத்துக்கு அது முரணில்லை. அந்தப் போக்கின் நீட்சியாகவே பின்னால் வந்தவற்றையும் நான் பார்க்கிறேன்.

இப்போது 2020 டிசம்பர் 8. சென்ட்ஓஎஸ் 8 பதிப்பு 2019 செப்டம்பர் 24இல்தான் வெளிவந்திருந்தது. அதற்கு 2029 மே வரை திருத்தங்கள் வரும் என்று எல்லோரும் கணக்கிட்டிருந்தார்கள். திட்டத்தின் தளமும் அப்படியே சொன்னது. அந்தத் தேதி 2021 டிசம்பர் 31க்கு முன்னிழுக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரே நாளில் வெட்டப்பட்டன. பழைய 7ஆம் பதிப்போ தன் தேதியான 2024 சூன் 30 வரை வாழும். அதாவது, பொறுப்போடு புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்கு ஓராண்டு. சோம்பி இருந்தவர்களுக்கு மூன்றரை ஆண்டு. என் தொழிலில் இதைவிடத் தலைகீழான ஒரு பாடத்தை யாரும் கற்பித்ததில்லை. முடிவை ஆட்சிக்குழுதான் அறிவித்தது. முதலில் திட்டத்தைக் குழுவின் முன் வைத்தது ரெட் ஹேட், குழு இசைந்தது. 2014இல் எழுதிய விதிகள் அப்படித்தான் வேலை செய்யும்.

இழப்பின் அளவை உணர செர்ன், ஃபெர்மி ஆய்வகங்களின் நிலையைப் பார்க்கலாம். துகள் இயற்பியலில் ஒரு கணக்கீடு இன்று தரும் விடையை ஐந்தாண்டு கழித்தும் தர வேண்டும்; அதற்காக இயங்குதளம் முதல், மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பான் வரை எல்லாவற்றையும் சரிபார்த்து உறைய வைப்பார்கள். அந்தத் தேவைக்காகவே அவர்கள் சயின்டிஃபிக் லினக்ஸைப் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். 2019 ஏப்ரலில் ஃபெர்மி ஆய்வகம், இனி 8ஆம் பதிப்பு எழுதப்போவதில்லை, சென்ட்ஓஎஸ் 8க்கே மாறிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. ஒரே வேலையை இரண்டு இடத்தில் ஏன் செய்ய வேண்டும் என்ற முறையான சிக்கன எண்ணம். இருபது மாதத்திற்குள் அவர்கள் சாய்ந்த சுவர் விழுந்தது. 2022 டிசம்பரில் இரு ஆய்வகங்களும் சேர்ந்து, சென்ட்ஓஎஸ்ஸின் இடத்தை நிரப்ப எழுந்த அல்மாலினக்ஸைப் பரிந்துரைத்தன. சொந்தமாக ஒரு வழங்கலைக் கட்டும் திறமை அவர்களிடம் இருந்தது. எளிமைக்காக அதைக் கைவிட்ட நேரம்தான் பொல்லாததாக அமைந்தது.

சென்ட்ஓஎஸ்ஸுக்குப் பதிலாக வைக்கப்பட்ட சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். கோபத்தில் பலர் அதைச் சோதனைப் பதிப்பு என்று இகழ்ந்தார்கள். அது அப்படியன்று. ரெல்லின் அடுத்த சிறு பதிப்பில் வரப்போகும் மாற்றங்கள், நிறுவனத்தின் சோதனைகளைத் தாண்டிய பின்னரே அதில் சேர்கின்றன. ஃபேஸ்புக் போன்ற மிகப்பெரிய அமைப்புகளே அதைப் பயன்படுத்துகின்றன. பழைய சென்ட்ஓஎஸ்ஸில் ஒரு பிழையைக் கண்டு திருத்தி அனுப்பினால் அதை ஏற்க வழியே இல்லை, ஏனென்றால் அது ரெல்லின் நகலாகவே இருக்கக் கடமைப்பட்டது. ஸ்ட்ரீமில் வெளியாரும் பங்களிக்கலாம். ஆனால் அதன் ஆயுள் ஏறத்தாழ ஐந்தாண்டு. மேலும் ரெல்லுக்கு மட்டுமே சான்றளிக்கப்பட்ட வணிக மென்பொருளை ஓட்டுபவருக்கு, ரெல்லுக்குச் சற்று முன்னால் ஓடும் ஒன்று பயன்படாது. நல்ல பொருள்தான், வேறு தேவைக்கு.

அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே, அதன் கீழே எழுந்த கண்டனங்களுக்கு நடுவே, மறுபடி ஒன்றைக் கட்டப்போவதாக எழுதினார் கிரெகரி கர்ட்சர். மறைந்த தம் தொடக்க காலத் தோழர் ராக்கி மக்காவின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயரிட்டார். 2021 சூனில் முதல் நிலையான பதிப்பு வந்தது. அதற்கும் முன்பாக, மார்ச் இறுதியிலேயே, கிளவுட்லினக்ஸ் நிறுவனம் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக வாக்களித்து அல்மாலினக்ஸை வெளியிட்டது. ரெட் ஹேட்டும் 2021 சனவரியில், தனிநபர்கள் பதினாறு கணினிகள் வரை ரெல்லை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று இறங்கிவந்தது. பலருக்கு அது போதுமானதாகவும் இருந்திருக்கும். ஆனால் ஒரு தேதியை மாற்றியவர் தரும் அடுத்த சலுகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி எழாமல் இல்லை.

அத்தோடு முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில், 2023 சூன் 21 அன்று குழாய் அடைக்கப்பட்டது. இனி ரெல் தொடர்பான பொது மூலநிரல் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமில் மட்டுமே கிடைக்கும். ரெல்லின் சரியான மூலங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றது ரெட் ஹேட். வாடிக்கையாளர் அதைப் பெற்று வெளியே பகிரலாமே, ஜிபிஎல் அந்த உரிமையைத் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது. ஆனால் சந்தா ஒப்பந்தப்படி, அப்படி மறுவிநியோகம் செய்பவரின் சந்தாவை நிறுவனம் முடித்துக்கொள்ள முடியும். கையிலிருக்கும் பதிப்பைப் பகிர்வது உங்கள் உரிமை. அடுத்த பதிப்பை உங்களுக்குத் தராமலிருப்பது அவர்கள் உரிமை. பெறுபவரின் உரிமைகள் மீது மேலதிகக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று ஜிபிஎல் சொல்வதோடு இது பொருந்துமா என்பது நெடுநாள் விவாதம். மென்பொருள் சுதந்திரத்திற்காக வாதாடும் அமைப்புகள் இந்த வணிக முறையைப் பல ஆண்டுகளாகவே குறைகூறி வந்திருக்கின்றன. சட்டத்தின் எழுத்தில் ரெட் ஹேட் தப்பித்துக்கொள்ளும் என்றே நான் ஊகிக்கிறேன். ஆனால் உரிமையைப் பயன்படுத்தினால் உறவு முறியும் என்று சொல்லும் ஒப்பந்தம், உரிமையைக் காகிதத்தில் மட்டும் விட்டுவைக்கிறது.

ரெட் ஹேட்டின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. லினக்ஸ் கெர்னல், ஜிசிசி தொகுப்பான், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி, திரை இடைமுகமான க்னோம் என்று இன்று எல்லா லினக்ஸ் பயனர்களும் தொடும் பொருள்களில் அதன் பொறியாளர்களின் உழைப்பு மிகப் பெரிது. அந்த உழைப்பெல்லாம் மூலத் திட்டங்களுக்கே முதலில் செல்கிறது. ஒரு பழைய கெர்னலுக்குப் புதிய திருத்தங்களைப் பின்னோக்கிப் பொருத்துவது கண்ணைக் கெடுக்கும் வேலை. அதற்குச் சம்பளம் கொடுப்பவர், எதையும் சேர்க்காமல் படியெடுத்து ஆதரவு ஒப்பந்தம் விற்பவரைப் பார்த்துக் கசப்படைவது இயல்பே. நிறுவனத்தின் துணைத் தலைவர் மைக் மெக்ராத் அந்தக் கசப்பை ஒளிக்காமலே எழுதினார். ஆரக்கிளைப் பற்றிய அளவில் நான் அவரோடு உடன்படுவேன். ஆனால் சென்ட்ஓஎஸ் அவர்களுக்குப் போட்டியாக வெளியே நின்ற ஒன்றல்ல. அதை அவர்களே அழைத்து, பெயரை எழுதி வாங்கி, தேதியை அறிவித்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நடத்தினார்கள். சொன்ன தேதி ஒன்று இருக்கும்போது, அடுத்த பதிப்பிலிருந்து இதை நிறுத்துகிறோம் என்று சொல்லியிருந்தால் யாரும் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையில் நடந்தவற்றில் நகைப்புக்குரியதும் ஒன்று உண்டு. லினக்ஸைத் திறந்தும் கட்டற்றும் வைத்திருக்க வேண்டும் என்று ஐபிஎம்முக்கு அறிவுரை எழுதியது ஆரக்கிள். ஓப்பன்சோலாரிஸை மூடிய அதே ஆரக்கிள். ஆகஸ்டில் அதுவும், மற்றொரு லினக்ஸ் நிறுவனமான சூசேயும், கர்ட்சரின் சிஐக்யூ நிறுவனமும் சேர்ந்து, ரெல்லுக்கு இணையான மூலங்களைப் பொதுவில் வெளியிட ஓப்பன்ஈஎல்ஏ என்ற சங்கத்தைத் தொடங்கின. ராக்கி தொடர்ந்து ரெல்லின் அச்சு அசலாகவே இருக்கத் தீர்மானித்து, பொதுவில் கிடைக்கும் கொள்கலன் படிமங்கள் (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய தயார்ப் பொதிகள்) வழியாகவும் மேகக் கணினிகளை வாடகைக்கு எடுத்தும் மூலங்களைத் திரட்டியது. அல்மாலினக்ஸ் வேறு வழி எடுத்தது. அச்சு அசல் என்ற குறிக்கோளைக் கைவிட்டு, ரெல்லில் ஓடும் நிரல் இதிலும் மாற்றமின்றி ஓடும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. அதனால் ரெட் ஹேட் இன்னும் திருத்தாத பிழைகளைத் தானே திருத்தும் சுதந்திரமும் அதற்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் இதைப் பின்வாங்கலாகத்தான் பலரும் பார்த்தார்கள். எனக்கு அது இருவரில் நிதானமானவரின் முடிவாகப் படுகிறது.

நிறுவனம் கைமாறினாலே பயனர்கள் அழிந்துவிடுவார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. சூசேயைப் பாருங்கள். 2003இல் அதை நோவெல் வாங்கியது. நோவெல்லை அட்டாச்மேட் வாங்கியது. அட்டாச்மேட் 2014இல் மைக்ரோ ஃபோகஸோடு இணைந்தது. பிறகு ஈக்யூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 250 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தனை வீடு மாறியும் அதன் இலவசச் சமூக வெளியீடான ஓப்பன்சூசே நின்றுபோகவில்லை. ஆனால் 2024இல் சூசே அந்தச் சமூகத்திடம் வைத்த வேண்டுகோள் எதைப் பற்றியது தெரியுமா? ஓப்பன்சூசே என்ற பெயரை இனிப் பயன்படுத்த வேண்டாமே என்பதைப் பற்றி. இருபதாண்டு உறவில் உரசல் வரும்போது நிரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2024 சூன் 30 கடந்ததும் 7ஆம் பதிப்பின் கணக்கும் முடிந்தது. அதன் தொகுப்புகளை வழங்கும் நகல் சர்வர்களின் முகவரிகளைத் தந்துவந்த பட்டியல் சர்வர் நிறுத்தப்பட்டு, தொகுப்புகள் பழைய பதிப்புகளுக்கான காப்பகத்திற்கு நகர்த்தப்பட்டன. எத்தனையோ மறந்துபோன கணினிகளில், மென்பொருளைப் புதுப்பிக்கும் யம் கட்டளை, அந்தச் சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தியை அச்சிட்டது. அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டு வந்தவர்களில் பலருக்கு, தாங்கள் ஓட்டுவது சென்ட்ஓஎஸ் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இப்போது யாராவது ராக்கியா அல்மாவா என்று கேட்டால், நான் வேகத்தையோ பதிப்பு எண்ணையோ ஒப்பிடுவதில்லை. அவற்றை நடத்தும் அமைப்புகளின் விதிகளைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன். அல்மாலினக்ஸின் வணிகக்குறி ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. தொடங்கிய நிறுவனம் தன் பிடியைத் தளர்த்தி, 2022 முதல் உறுப்பினர்கள் வாக்களித்து இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராக்கியின் அமைப்பு முதலில் கர்ட்சர் ஒருவரின் பெயரில் பதிவான பொதுநல நிறுவனம். பின்னர் ஆட்சிக்குழுவும் விதிகளும் வந்தன, ஆனாலும் அவருடைய வணிக நிறுவனத்தோடு அதன் நெருக்கம் அதிகம். நல்லெண்ணத்தில் இருவருக்கும் குறைவில்லை. 2014இல் கையெழுத்திட்டவர்களிடமும் நல்லெண்ணம் இருந்தது. ரெல்லுக்குச் சான்று பெற்ற மென்பொருள் ஓடும் கணினிகளை நான் அல்மாவுக்கு மாற்றியிருக்கிறேன். அந்தக் கட்டாயம் இல்லாத புதிய சர்வர்கள் எல்லாம் டெபியனில் எழுகின்றன. அங்கே பத்தாண்டு வாக்குறுதி கிடையாது. வழக்கமான ஆதரவு மூன்றாண்டு, தன்னார்வலர்களும் புரவலர்களும் சேர்ந்து நீட்டிப்பது மேலும் இரண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிப்பை மாற்றும் வேலை கூடுதலாகச் சேர்கிறது என்பதை வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அதற்கான செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.